‘இந்தியத் தற்காப்பு’: பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு



தமிழ்ப்பள்ளிகளில் சதுரங்கக் கழகத்தை வழிநடத்தும் ஆசிரியர்கள் அனைவரும் ஒரு கட்டத்தில் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்று உண்டு. காய்களை நகர்த்தக் கற்றுக்கொண்ட மாணவன், எதிரே அமர்ந்திருப்பவன் ராஜாவின் முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் நகர்த்தித் தொடங்கினால் ஓரளவு சமாளித்துவிடுவான். ராணியின் முன்னுள்ள காலாளை நகர்த்தித் தொடங்கினால் திகைத்துப் போவான். கறுப்புக் காய்களுடன் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தத் தொடக்கத்திற்கான விடையைக் கற்றுத் தர வேண்டியது நம் கடமையாகிறது.

விடை தேடிச் சதுரங்க நூல்களைத் திறந்தால், கிங்ஸ் இந்தியன், குயின்ஸ் இந்தியன், நிம்சோ இந்தியன், பழைய இந்தியன் என்று வரிசையாகப் பெயர்கள் வருகின்றன. எல்லாவற்றிலும் ‘இந்தியன்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. சதுரங்கம் இந்தியாவில் பிறந்த விளையாட்டு என்பதால் வந்த பெயர் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தாவில் வாழ்ந்த ஒரு மனிதர் ஆடிய முறையைச் சுட்டவே அப்பெயர் வந்தது. அவருடைய வரலாறு சதுரங்கம் கற்பிப்போர்க்கு மட்டுமன்றி, ஆசிரியர் அனைவருக்குமே பயன் தரக்கூடியது. அதனாலேயே இக்கட்டுரை.

காய்களின் பெயர்கள்

முதலில் காய்களின் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் பிள்ளைகளுக்கு இதில் குழப்பம் மிகுதி. தமிழ் வழக்கில் மூலையில் நிற்பது யானை. குதிரைக்கு அடுத்து உட்புறம் நிற்பது மந்திரி. மலாய் வழக்கிலோ குதிரைக்கு அடுத்து நிற்கும் காயே ‘காஜா’, அதாவது யானை! ‘மெந்தெரி’ என்றால் அது நாம் ராணி என்று சொல்லும் காய். வீட்டில் ஒன்றும் போட்டி மண்டபத்தில் ஒன்றுமாகக் கேட்கும் பிள்ளை குழம்புவதில் வியப்பில்லை.

ஆனால் இந்தக் குழப்பத்திற்குள்ளும் ஒரு வரலாறு இருக்கிறது. மலாய் மொழியில் இவ்விளையாட்டின் பெயரான ‘சாத்துர்’, சதுரங்கம் என்ற சொல்லிலிருந்து வந்தது. காலாளைக் குறிக்கும் ‘பிடாக்’ பாரசீகத்தில் தோன்றி அரபு வழியாக வந்தது. மூலைக்காய்க்கு வழங்கும் ‘திர்’ என்னும் பெயர் நம் ‘தேர்’ என்ற சொல்லே என்பர். ஆகவே ஒரே பலகையில் வடமொழியும், அரபும், தமிழும் அருகருகே நிற்கின்றன. கப்பல்கள் வந்து கூடிய நம் வட்டாரத்திற்கு இது பொருத்தமே. முதலாவது ஆசியக் குழுச் சதுரங்கப் போட்டி 1974ஆம் ஆண்டு நம் பினாங்கில்தான் நடைபெற்றது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லலாம். அதில் பிலிப்பைன்ஸ் வாகை சூடியது.

இக்கட்டுரையில் ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை, காலாள் என்ற தமிழ்ப் பெயர்களையே பயன்படுத்துகிறேன். கட்டங்களை டி4, ஈ4 என்று குறிக்கிறேன்.

ராணிக் காலாள் தொடக்கத்தில் என்ன சிக்கல்?

பலகையின் நடுவில் உள்ள டி4, ஈ4, டி5, ஈ5 ஆகிய நான்கு கட்டங்களே போர்க்களத்தின் மேட்டுநிலம். அங்கே யார் கை ஓங்குகிறதோ அவருடைய காய்கள் எப்பக்கமும் எளிதாகச் செல்லும்.

வெள்ளை ஈ4 என்று தொடங்கினால், அந்தக் காலாளுக்குப் பின்னாலிருந்து காவல் இல்லை. டி4 என்று தொடங்கினாலோ, ராணி பின்னாலிருந்து அதைக் காக்கிறாள். அடுத்து ஈ4 கட்டத்திற்கும் ஒரு காலாளை அனுப்பிவிட்டால் நடுக்களம் முழுதும் வெள்ளையின் வசம். ஆகவே கறுப்பின் முதல் வேலை அந்த ஈ4 நகர்வைத் தடுப்பது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, டி5 கட்டத்தில் தன் காலாளை நிறுத்துவது. ‘நீ நின்ற இடத்திற்கு எதிரே நானும் நிற்பேன்’ என்னும் நேரடி முறை. இரண்டாம் வழி, குதிரையை எஃப்6 கட்டத்திற்குக் கொண்டுவருவது. அங்கிருந்து குதிரை ஈ4 கட்டத்தைக் கண்காணிக்கும். நடுக்களத்தில் காலாளை உடனே நிறுத்தாமல், தொலைவிலிருந்து காய்களால் கட்டுப்படுத்துவது இம்முறை. இந்த இரண்டாம் வழிக்கே இந்தியத் தற்காப்பு என்று பெயர்.

நாட்டு விதிகள்

அக்காலத்தில் இந்தியாவில் ஆடப்பட்ட சதுரங்கம் ஐரோப்பியச் சதுரங்கத்திலிருந்து சில விதிகளில் வேறுபட்டது. வட்டாரத்திற்கு வட்டாரம் மாற்றங்கள் இருந்தாலும் பொதுவான வேறுபாடுகள் சில உண்டு. காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். இரண்டு கட்டம் பாய இயலாது. ராஜாவும் யானையும் இடம் மாறிக் கோட்டை கட்டும் முறை கிடையாது. அதற்குப் பதிலாக ராஜா ஒரே ஒரு முறை குதிரைபோல் தாவலாம். எதிரியின் கடைசி வரிசையை எட்டிய காலாள் விரும்பிய காயாக மாறாது; பல இடங்களில் அது எந்த வரிசையை எட்டியதோ அந்த வரிசைக்குரிய காயாகவே மாறும்.

இரு முறைகளையும் அறிந்த அறிஞர்கள் அக்காலத்திலேயே இருந்தனர். திருவேங்கடாசார்ய சாஸ்திரி என்பார் வடமொழியில் எழுதிய சதுரங்க நூல், ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏற்ப அமைக்கப்பட்டு, 1814ஆம் ஆண்டு பம்பாயில் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

காலாள் ஒரு கட்டமே செல்லும் ஆட்டத்தில் பழகிய ஒருவர் எப்படிச் சிந்திப்பார்? நடுக்களத்திற்கு ஓடிப்போய் இடம் பிடிக்கும் எண்ணமே அவருக்குத் தோன்றாது. காலாளை ஒரு கட்டம் நகர்த்தி, அது விட்ட இடத்தில் மந்திரியை நிறுத்தி, படையை மெல்ல அணிவகுத்து, எதிரி முன்னேறி வந்தபின் தாக்குவார். ஐரோப்பியக் கண்களுக்கு அது தயக்கமாகவும் அறியாமையாகவும் தோன்றியிருக்கும். ஆனால் அதற்குள் ஒரு தெளிவான கொள்கை இருந்தது.

கல்கத்தாவில் இருவர்

ஜான் காக்ரேன் 1798இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர், வழக்கறிஞர், தம் காலத்தின் வலிமைமிக்க சதுரங்க ஆட்டக்காரர்களுள் ஒருவர். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கல்கத்தாவில் கழித்தவர். 1840களின் தொடக்கத்தில் விடுப்பில் இங்கிலாந்து சென்றபோது, அந்நாட்டின் முன்னணி ஆட்டக்காரரான ஹவர்ட் ஸ்டான்டனுடன் பல ஆட்டங்கள் ஆடினார்.

கல்கத்தா திரும்பிய அவருக்கு நல்ல எதிராளி கிடைத்தது ஐரோப்பியர் நடுவில் அன்று. நகருக்கு வெளியே ஒரு வட்டாரத்தில், யாரிடமும் தோற்றதில்லை என்று பேசப்பட்ட வங்காள அந்தணர் ஒருவர் இருந்தார். அவரே மகேஷ் சந்திர பானர்ஜி. ஐரோப்பிய விதிகள் அவருக்கு அப்போது நன்கு பழகியிருக்கவில்லை. 1848ஆம் ஆண்டளவில் தொடங்கி 1860 வரை இருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினர். காக்ரேன் அவற்றைக் குறித்து வைத்தார்; சில லண்டன் சதுரங்க இதழ்களிலும் வெளிவந்தன.

பெரும்பாலான ஆட்டங்களில் வென்றவர் காக்ரேனே. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பானர்ஜி எவ்வாறு ஆடினார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. புதிய விதிகளை ஏற்றுக்கொண்டார். தம் பழைய சிந்தனையை மட்டும் கைவிடவில்லை. காலாளுக்கு இரண்டு கட்டம் செல்லும் உரிமை கிடைத்த பிறகும், குதிரையை எஃப்6 கட்டத்திற்கும், காலாளை ஜி6 கட்டத்திற்கும், மந்திரியை ஜி7 கட்டத்திற்கும் கொண்டுவந்து, தொலைவிலிருந்து நடுக்களத்தைக் குறிவைத்தார்.

1855ஆம் ஆண்டு ஆடிய ஓர் ஆட்டம் குறிப்பிடத்தக்கது. காக்ரேன் டி4 என்று தொடங்கினார். பானர்ஜி குதிரையை எஃப்6இல் வைத்தார். காக்ரேன் சி4, பானர்ஜி ஜி6. காக்ரேன் குதிரையை சி3இல் வைக்க, பானர்ஜி காலாளை டி5 கட்டத்தில் நிறுத்தினார். வெள்ளை நடுக்களத்தைப் பிடித்துக்கொள்ளட்டும், பிறகு அதையே மந்திரியால் தாக்குவோம் என்பது அதன் கருத்து. அந்த ஆட்டத்தில் பானர்ஜி தோற்றார். ஆனால் அந்த மூன்று நகர்வுகள் இறந்துவிடவில்லை.

அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1922இல், எர்ன்ஸ்ட் கிரன்ஃபெல்ட் என்ற ஆஸ்திரியர் அதே நகர்வுகளை ஐரோப்பியப் போட்டிகளில் ஆடினார். அவ்வாண்டு வியன்னாவில், பின்னாளில் உலக வெற்றியாளரான அலெகைனை அம்முறையில் வென்றார். இன்று உலகம் அதை ‘கிரன்ஃபெல்ட் தற்காப்பு’ என்றே அழைக்கிறது.

பெயர் யாருக்கு?

இன்னொன்றையும் காண்போம். 1848இல் பானர்ஜிக்கு எதிரான ஆட்டம் ஒன்றில் காக்ரேன் தம் குதிரையைத் துணிந்து பலி கொடுத்தார். அந்த நகர்வுக்கு இன்றளவும் ‘காக்ரேன் கேம்பிட்’ என்று பெயர். ஒரே பலகையின் இரு பக்கமும் அமர்ந்தவர்களில் ஒருவரின் பெயர் நூல்களில் நிலைத்தது. மற்றவருக்குக் கிடைத்தது அவருடைய நாட்டின் பெயர் மட்டுமே! ‘இந்தியத் தற்காப்பு’ என்ற சொல் 1884ஆம் ஆண்டிலேயே அச்சில் காணப்படுகிறது. பானர்ஜி காக்ரேனுக்கு எதிராக ஆடிய முறை என்ற விளக்கமும் அப்பெயருக்குத் தரப்பட்டது. ஆனால் காலப்போக்கில் விளக்கம் மறைந்து, பெயர் மட்டும் எஞ்சியது.

ஐரோப்பா இம்முறையை நெடுங்காலம் மதிக்கவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. அக்காலத்தின் பெரும் ஆசானாக விளங்கிய ஜெர்மானியர் டாராஷ், நடுக்களத்தைக் காலாள்களால் பிடிக்க வேண்டும் என்று போதித்தார். நெருக்கமான இடத்தில் முடங்கிக் கிடப்பதை அவர் குறையாகவே கண்டார். 1920களில் நிம்சோவிச், ரெட்டி, டார்ட்டகோவர் முதலியோர் இதை மறுத்தனர். நடுக்களத்தில் நிற்பது வேறு, அதைக் கட்டுப்படுத்துவது வேறு என்றனர். பானர்ஜியின் முறை ‘அதிநவீனம்’ என்ற புதுப் பெயருடன் அரங்கேறியது. 1940களிலும் 1950களிலும் சோவியத் ஆட்டக்காரர்களான போலெஸ்லாவ்ஸ்கியும் பிரான்ஸ்டைனும் கிங்ஸ் இந்தியன் தற்காப்பைக் கூர்தீட்டினர். ஃபிஷரும் காஸ்பரோவும் அதை உலகப் புகழ்பெறச் செய்தனர்.

பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கானின் கதையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. நாட்டு விதிகளில் ஆடி வளர்ந்த அவர், 1926ஆம் ஆண்டளவில்தான் ஐரோப்பிய விதிகளைக் கற்றார். 1929இல் தம் புரவலருடன் லண்டன் சென்று, அவ்வாண்டே பிரிட்டிஷ் வெற்றியாளர் பட்டத்தை வென்றார். 1932, 1933 ஆண்டுகளிலும் வென்றார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக வெற்றியாளர் காபாபிளாங்கா அவருக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் ஆடியது எது தெரியுமா? குயின்ஸ் இந்தியன் தற்காப்பு! வென்றவர் சுல்தான் கான். அவர் மறைந்தது 1966இல். உலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடே அவருக்கு மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது 2024இல்.

தமிழ்நாட்டில் நிகழ்ந்த மாற்றம்

நாட்டு முறையை மட்டும் போற்றி, உலக முறையைத் தள்ள வேண்டும் என்பது இதன் பொருளன்று. தமிழ்நாட்டு வரலாறு அந்தச் சமநிலையை நமக்குக் காட்டுகிறது.

1960கள் வரையிலும் இந்தியாவின் பல இடங்களில் நாட்டு விதிகளிலேயே சதுரங்கம் ஆடப்பட்டு வந்தது. அந்நிலையை மாற்ற உழைத்தவர்களுள் முதன்மையானவர் மானுவேல் ஆரோன். பர்மாவில் 1935இல் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த அவர், 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். அனைத்துலக விதிகளைப் பரப்பினார். தொடக்க நகர்வுகளை நூல்களின் துணையோடு முறையாகக் கற்க இளைஞர்களைத் தூண்டினார். சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய டால் சதுரங்கக் கழகம் பல இளைஞர்களுக்குப் பயிற்சிக் களமாயிற்று. அங்கே ஆடி வளர்ந்தவர்களுள் ஒருவரே 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான விஸ்வநாதன் ஆனந்த்.

ராணிக் காலாள் தொடக்கத்திற்குக் கறுப்பு என்ன விடை சொல்வது என்ற கேள்விக்கு ஆனந்தின் ஆட்டங்களே சிறந்த பாடநூல். 2010ஆம் ஆண்டு பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில், டொபலோவுக்கு எதிரான உலக வெற்றியாளர் போட்டியை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 24ஆம் நாள் முதல் ஆட்டத்தில் டொபலோவ் டி4 என்று தொடங்கினார். ஆனந்த் கிரன்ஃபெல்ட் தற்காப்பை, அதாவது பானர்ஜி 1855இல் ஆடிய அதே முறையை ஆடினார். முன்னரே தயாரித்து வைத்திருந்த நகர்வுகளின் வரிசை நினைவில் மாறிப்போனது. 30 நகர்வுகளில் தோல்வி.

பதினொரு ஆட்டங்கள் முடிவில் இருவரும் சமநிலை. மே 11ஆம் நாள் பன்னிரண்டாம் ஆட்டத்தில் ஆனந்துக்கு மீண்டும் கறுப்பு, மீண்டும் டி4. இம்முறை அவர் டி5 என்று நேரடி வழியைத் தேர்ந்தார். அதற்கு நூறாண்டுக்கு முன்னர் உலக வெற்றியாளராயிருந்த லாஸ்கரின் பெயரால் வழங்கும், எளிமையும் உறுதியும் வாய்ந்த பழைய தற்காப்பு அது. காய்களைக் குறைத்து, தம் ராஜாவைப் பாதுகாத்து, பொறுமையாக ஆடினார். வெற்றிக்கு அவசரப்பட்ட டொபலோவ் தம் ராஜாவின் முன்னிருந்த காவலைத் தாமே திறந்துவிட்டார். ஆனந்த் வென்று, 6.5 – 5.5 என்ற கணக்கில் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

உலக வெற்றியாளருக்கே மனப்பாடம் கைவிடும் நாள் ஒன்று வருகிறதென்றால், பத்து வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

வகுப்பறைக்கு

இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கவை என்ன?

முதலாவது, கற்பிக்கும் வரிசை. தொடக்கநிலை மாணவர்க்கு முதலில் டி5 என்னும் நேரடி விடையைக் கற்பித்தல் நலம். நடுக்களத்தின் மதிப்பை அது கண்முன் காட்டும். ஓராண்டு பழகிய பின்னர் கிங்ஸ் இந்தியன் தற்காப்பைக் கற்பிக்கலாம். எஃப்6இல் குதிரை, ஜி6இல் காலாள், ஜி7இல் மந்திரி, டி6இல் காலாள், பிறகு கோட்டை என ஐந்து நகர்வுகளில் அணிவகுப்பு முடியும். அதோடு நிறுத்திவிட்டால் பிள்ளை மூச்சுத்திணறித் தோற்பான். அணிவகுத்த பின் ஈ5 அல்லது சி5 என்று காலாளை முன்னேற்றி வெள்ளையின் நடுக்களத்தைத் தாக்கியே ஆக வேண்டும். பதுங்குவது பாய்வதற்கே என்பதைப் பிள்ளை உணர வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் சொல்லவைத்தல். ‘குதிரையை ஏன் இங்கே வைத்தாய்?’ என்ற கேள்விக்கு ‘அப்படித்தான் நூலில் இருக்கிறது’ என்பது விடையாகாது. ‘ஈ4 கட்டத்தைக் காக்கிறது’ என்பதே விடை. காரணம் தெரிந்த பிள்ளை, எதிராளி நூலில் இல்லாத நகர்வை வைத்தாலும் தடுமாறமாட்டான்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. வீட்டில் தாத்தாவிடமோ மாமாவிடமோ சதுரங்கம் கற்று வரும் பிள்ளைகள் சில வேளைகளில் காலாளை ஒரு கட்டம் மட்டுமே நகர்த்துவர். ராஜாவைக் குதிரைபோல் தாவச் செய்வர். ‘தப்பு’ என்று ஒரு சொல்லில் அடித்துவிட்டு நாம் கடந்து போகலாம். போட்டி விதிகளை அவர்கள் கற்றே ஆக வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பிள்ளை கொண்டுவந்தது அறியாமையன்று. ஒரு நெடிய மரபின் மிச்சம். ‘இது பழைய நாட்டு விதி, உன் தாத்தா சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தார், போட்டியில் விதி வேறு’ என்று சொல்வதற்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில் அப்பிள்ளையின் வீட்டுக்கும் தாத்தாவுக்கும் மரியாதை கிடைக்கிறது. விதியும் மனத்தில் பதிகிறது.

இது சதுரங்கத்திற்கு மட்டும் உரியதன்று. கணக்கை வேறு வழியில் போடும் பிள்ளை, பொருளுக்கு வீட்டுப் பெயரைச் சொல்லும் பிள்ளை எனத் தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் நாள்தோறும் இத்தகையோரைக் காண்கிறோம். திருத்துவதற்கு முன் ‘ஏன்?’ என்று ஒரு முறை கேட்போம். பானர்ஜியின் நகர்வுகளுக்கான காரணத்தை ஐரோப்பா விளங்கிக்கொள்ள ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின. நம் வகுப்புப் பிள்ளைக்கு அவ்வளவு காலம் இல்லை. ஆறாம் ஆண்டு முடிந்தால் நம்மை விட்டுப் போய்விடுவான்.

அடுத்த முறை உங்கள் மாணவனோ மகளோ ராணிக் காலாளுக்கு எதிரே குதிரையை எஃப்6 கட்டத்தில் வைக்கும்போது, அந்த நகர்வுக்கு ஏன் ‘இந்திய’ என்ற பெயர் வந்தது என்று கேளுங்கள். தெரியாவிட்டால், மகேஷ் சந்திர பானர்ஜி என்ற பெயரைச் சொல்லிக்கொடுங்கள்.